முழங்கால் மூட்டு மாற்றிய பிறகு: வாக்கரிலிருந்து வீதி வரை

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “எவ்வளவு தூரம் மடக்க வருது?” காலை முழுசாக நீட்ட வருகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆபரேஷன் ஆனவரும் அதே கவலையில் மடக்கி மடக்கிப் பார்க்கிறார். படுக்கும்போது முட்டிக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகிக்கொள்கிறார். மூன்று மாதம் போனதும் பார்த்தால், பழைய வலி இல்லை, ஆனால் நடை மட்டும் பழையபடி தாங்கித் தாங்கித்தான்.

வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி கொடுப்பவன் நான். வந்ததும் முதலில் பார்ப்பது கால் நேராக நீள்கிறதா என்பதைத்தான். நிற்கும்போது முட்டி பத்துப் பதினைந்து டிகிரி மடங்கியே இருந்தால் அந்தக் கால் குட்டைக்கால் ஆகிவிடும். தொடைத் தசை ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருமுனை வருவதற்குள் சோர்ந்துவிடும். இடுப்பு, முதுகு, அடுத்த முட்டி எல்லாம் சேர்ந்து அந்தப் பாரத்தைச் சுமக்கும். மடக்குவது உட்காரவும் படி ஏறவும் வேண்டும். நன்றாக நடக்க, முதலில் நீட்ட வர வேண்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களுக்கும், இப்போதுதான் டிஸ்சார்ஜ் ஆனவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இது. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதே சரி. உங்கள் முட்டியைத் திறந்து பார்த்தவர் அவர்தான்.

உள்ளே என்ன மாற்றியிருக்கிறார்கள்

மூட்டையே கழற்றி எடுத்துவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலைப்பையும் சில மில்லிமீட்டர் சீவி, தேய்ந்துபோன பரப்பை எடுத்துவிடுகிறார்கள். மேலே கோபால்ட் குரோமியம் கலந்த உலோக மூடி, கீழே ஒரு உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். சிலருக்கு முட்டிச் சில்லின் உள்பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான் வைப்பார்கள்.

தசையை மாற்றுவதில்லை. ஐந்தாறு வருடம் வலிக்குப் பயந்து விந்தி நடந்து மெலிந்துபோன அதே தொடைத் தசைதான் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில் அது இருந்த வலுவிலும் பாதிக்கு மேல் இழக்கிறது. மூட்டு புதிது, அதை இயக்குகிற தசை பழையது. இதற்குப் பின் சொல்லப்போகிற எல்லாப் பயிற்சிக்கும் காரணம் இதுதான்.

தேதி குறித்ததும்

பணக் கணக்கை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. அதிகம் பேருக்கு வைக்கப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது நிர்ணயித்த விலை 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட்ட இடங்கள் உண்டு. பில்லில் மூட்டின் விலை தனி வரியாக வர வேண்டும், கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை உண்டு. ‘ரோபோ ஆபரேஷன்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து மனம் அலைபாய வேண்டாம். ஒரு வருடம் கழித்து நீங்கள் எப்படி நடப்பீர்கள் என்பதில் வீட்டுப் பயிற்சிக்கு இருக்கிற பங்கு விளம்பரத்தில் வராது.

அடுத்து வீடு. கைப்பிடி வைத்த, உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடத் தாழாத நாற்காலி ஒன்று வேண்டும். அமுங்கிப்போகும் சோபா இரண்டு மாதத்துக்கு உங்களுக்குப் பகை. கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் முட்டுக் கொடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில், இந்தியன் டாய்லெட்டின் மேல் வைக்கிற கமோடு நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், பல ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுவிட்டால் ஆயுசுக்கும் உதவும். மிதியடிகளைச் சுருட்டிப் பரண் மேல் போடுங்கள். குளிக்கிற ஸ்டூல் வழுக்காத ரப்பர் கால் வைத்ததா என்று பாருங்கள். பின்பட்டை இல்லாத செருப்பு வேண்டாம். தரை கூட்டுகிற நைட்டியைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். வேட்டி கட்டுபவர்கள் சில வாரத்துக்கு அரைக்கால் டவுசருக்கு மாறுவது நல்லது. ராத்திரி பாத்ரூம் வழிக்கு ஒரு சின்ன விளக்கு.

சொத்தைப் பல், பாதத்தில் ஆறாத வெடிப்பு, சிறுநீரில் எரிச்சல், இவற்றையெல்லாம் முன்பே சரிசெய்துவிடுங்கள். உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் ரத்தம் வழியாகப் புது மூட்டில் போய் உட்காரக்கூடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் அவசரப்பட்டு ஆபரேஷனுக்குப் போகவே கூடாது.

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போதே தொடங்கிவிடுங்கள். தசை போகும்போது கொஞ்சம் கையிருப்போடு போகட்டும்.

மருத்துவமனையில்

அன்றே, இல்லாவிட்டால் மறுநாள், எழுப்பி நிறுத்துவார்கள். “பச்சைப் புண், அசைக்காதீங்க” என்று வார்டில் யாராவது பாட்டி சொல்வார். கேட்காதீர்கள். படுத்தே கிடந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். கண் விழித்திருக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருங்கள். அது கெண்டைத் தசையை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும்.

வாக்கரில் வரிசை இதுதான்: முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் செய்த கால், பிறகு நல்ல கால். எழுந்தவுடன் கிளம்பிவிடாமல் தலை சுற்றுகிறதா என்று பார்த்து, ஒரு நிமிஷம் நின்று நடங்கள். வாக்கரை ரொம்ப முன்னால் வைத்துக் குனிந்து போகாதீர்கள். அந்தக் கூனல் பிறகு நடையிலேயே தங்கிவிடும்.

டிஸ்சார்ஜுக்கு முன் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: தானாகக் கட்டிலிலிருந்து எழுந்து, கழிவறை போய்த் திரும்பி, உங்கள் வீட்டில் எத்தனை படியோ அத்தனை படி ஏறி இறங்க முடிகிறதா? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை எத்தனை நாள் போட வேண்டும் என்பதைத் தேதியாகவே எழுதி வாங்குங்கள். பலர் பாதியில் விட்டுவிடுவது அந்த மாத்திரையைத்தான்.

முதல் இரண்டு வாரம்

சோதனைக்காலம் இதுதான். முட்டி வீங்கும், சூடாக இருக்கும், தொடை முதல் கணுக்கால் வரை கன்றிப்போய் ஊதா நிறம் பரவும். தூக்கம் வராது. “ஏன்டா இந்த ஆபரேஷனைப் பண்ணிக்கிட்டோம்” என்று எண்ணாதவர்கள் குறைவு. பத்தாவது நாளில் அப்படித் தோன்றுவது இயல்பு. அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் அக்கறையோடு இலவம்பஞ்சுத் தலையணையை மாமியாரின் முட்டிக்கு அடியில் வைத்திருந்தார். “இப்படி வெச்சாத்தான் தம்பி வலி தெரியாம இருக்கு” என்றார் அந்த அம்மா. உண்மைதான், லேசாக மடங்கிய நிலையில் வீங்கிய முட்டிக்கு இதமாக இருக்கும். அந்த இதம்தான் ஆபத்து. பின்பக்கத் தசைநாரும் மூட்டுறையும் அந்த மடிப்பிலேயே சுருங்கிவிடும். தலையணையை எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முட்டி அந்தரத்தில் நின்றது. “அய்யோ, பின்னால இழுக்குதே” என்றார். “இழுக்கட்டும்மா, அதுக்குத்தான் வெச்சேன். பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்குங்க.” முட்டிக்கும் மெத்தைக்கும் நடுவே முதலில் என் நான்கு விரலும் தாராளமாக நுழைந்தன. அந்த இடைவெளி வாரா வாரம் குறைகிறதா என்று நீங்களே விரலை நுழைத்துப் பார்க்கலாம். மீட்டரும் வேண்டாம், கோணமானியும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது நான்கே. குதிகாலில் துண்டு வைத்து நீட்டிப் படுப்பது, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை, பத்து நிமிஷம். அதே நிலையில் முட்டியை மெத்தையை நோக்கி அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணிவிட்டு விடுவது. படுத்தபடி குதிகாலைத் தரையில் தேய்த்து இழுத்து மடக்குவது. குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தால் மெத்தையிலும் வழுக்கிக்கொண்டு வரும். நான்காவது, நடை. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடந்து வீங்க வைத்துக்கொள்வதைவிட, மணிக்கு ஒரு தடவை ஹாலுக்கும் சமையலறைக்கும் போய்வருவது பலமடங்கு நல்லது.

வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி முன்னால் போடுங்கள். மாத்திரை கெடுதல் என்று வைராக்கியமாகத் தவிர்த்துவிட்டு, வலியால் பயிற்சியையும் தவிர்ப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். டிரமடால் போன்ற மாத்திரைகள் மலச்சிக்கலும் மயக்கமும் தரும். தண்ணீர், வாழைத்தண்டு, கீரை கூடுதலாகட்டும். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பை பதினைந்து இருபது நிமிஷம். வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைக்கும்போது தலையணைகளைக் கெண்டைக்காலிலும் குதிகாலிலும் அடுக்குங்கள், முட்டி மடங்காமல்.

காயத்தில் மஞ்சள் பற்று, தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் கூடாது. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருகிறவரை வாசலோடு அனுப்புங்கள். தையலோ பின்னோ பிரிப்பது பத்து முதல் பதினான்கு நாளில்.

இரண்டு வார முடிவில் கால் ஏறக்குறைய நேராக நீண்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் 90 டிகிரியை நெருங்கி மடங்கினால் நீங்கள் சரியான பாதையில் போகிறீர்கள்.

மூன்றாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை: நடையைத் திருத்துவது

வலி போனாலும் விந்தல் தானாகப் போவதில்லை. ஏழெட்டு வருடமாக உடம்பு பழகிய நடை அது. அதை மறக்கடிக்க வேண்டும்.

குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். தொடும் நொடியில் முட்டி நேராக இருக்க வேண்டும். பிறகு பாதம் முழுதும் பதிந்து, கட்டை விரலால் தள்ளிக் கிளம்ப வேண்டும். காலைத் தூக்கும்போது முட்டி தாராளமாக மடங்கட்டும். பலர் முட்டியை மடக்காமல் கட்டையாக வைத்து, இடுப்பைச் சுழற்றிக் காலை வீசுகிறார்கள். இரண்டு அடியும் ஒரே நீளமாக இருக்கிறதா? கண்ணால் பார்த்தால் குனிவீர்கள், காதால் கேளுங்கள். டைல்ஸ் தரையில் செருப்புச் சத்தம் ‘டக்... டக்... டக்’ என்று சம இடைவெளியில் விழ வேண்டும். ‘டக்-டக்... டக்-டக்’ என்று கேட்டால் ஆபரேஷன் கால் மேல் நீங்கள் இன்னும் பாரத்தை நம்பி வைக்கவில்லை.

வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறும்போது அது ஆபரேஷன் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். வலது கால் என்றால் இடது கையில். கோலும் அந்தக் காலும் ஒன்றாக முன்னே போகும். எப்போது கோலை விடலாம் என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. கோலில்லாமல் விந்தாமல் நடக்க வருகிறதா, விடலாம். “நான் மூணாவது வாரமே ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டேன்” என்று பக்கத்துத் தெருக்காரர் பெருமை பேசினால், அவர் எப்படி நடக்கிறார் என்று பின்னாலிருந்து பாருங்கள்.

படிக்கட்டில்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே. மாற்றி மாற்றிக் கால் வைத்து ஏறுவது பிறகு தசை வலுவடைந்ததும் வரும்.

மடக்கல் எவ்வளவு போதும்? சமதரையில் நடக்க 65 முதல் 70 டிகிரி. படியேற 90 அளவு, இறங்க அதைவிடக் கொஞ்சம் கூட. தாழ்வில்லாத நாற்காலியிலிருந்து எழ 90 முதல் 105. ஆக 110 வந்துவிட்டால் அன்றாட வாழ்க்கைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆறு வாரம் ஆகியும் 90 எட்டவில்லை என்றால் “போகப் போகச் சரியாகும்” என்று இருந்துவிடாமல் அறுவை சிகிச்சை செய்தவரிடம் போங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் முறை இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன்.

பிசியோதெரபி மையத்துக்கு நடந்து போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வீதிக்கு இறங்கிய பிறகு

ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை வெளியே நடந்து பழகும் காலம். கூட்டமில்லாத காலை நேரம், மேடுபள்ளம் இல்லாத தெரு, ஷூ. போகிற தூரத்துக்குத் திரும்பியும் வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நடந்துவிட்டு வந்து அன்று ராத்திரியோ மறுநாள் காலையோ முட்டி முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால் அது அளவுக்கு மீறிய தூரம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த வேண்டாம்.

டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம். நல்ல காலை வைத்து, கம்பியைப் பிடித்து ஏறுங்கள்; நகரும் பஸ்ஸில் ஏறும் பழக்கத்துக்கு இத்தோடு முழுக்கு. கார் ஓட்ட ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும், தூக்கம் தரும் வலி மாத்திரைகளை நிறுத்திய பிறகுதான். ஸ்கூட்டர் ஓட்டுவதில், வண்டி நிற்கும்போது சட்டென்று கால் ஊன்றி எடையைத் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த நம்பிக்கை வர மூன்று மாதமாவது ஆகும்.

முன்னேற்றத்தை அளக்க ஒரு எளிய சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். பேரனைச் செல்போனில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இன்னும் இருக்கிறது, கோலை விட வேண்டாம். மாதம் ஒரு தடவை செய்து, தினசரி நாள்காட்டித் தாளிலேயே எழுதி வையுங்கள்.

தரையில் உட்காரலாமா?

மடக்கலுக்கு அடுத்து அதிகம் வருகிற கேள்வி இது. வெளிநாடுகளில் இந்தச் சிகிச்சையின் பலனை அளக்க ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4, மொத்தம் 48. குளிப்பது, வண்டியில் ஏறுவது, கடைக்குப் போவது, படி இறங்குவது, ராத்திரி வலி என்று கேட்பார்கள்; மண்டியிட்டு எழ முடிகிறதா என்றும் கேட்பார்கள். நம் வீட்டுக் கேள்விகள் அதில் இல்லை. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? வாசலில் குனிந்து கோலம் போட முடியுமா? அரிவாள்மனையில் காய் நறுக்க? துக்க வீட்டில் எல்லாரும் தரையில் இருக்கும்போது நான் மட்டும் நாற்காலி கேட்பதா? ஆபரேஷனுக்கு முன்பே உங்களுக்கு முக்கியமானவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எது வரும், எது வராது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்தில் ஒருவர் அளவுக்குத் திருப்தியில்லாமல் இருக்கிறார்கள். எதிர்பார்த்தது வேறு, கிடைத்தது வேறு என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

என் பதில் இது. சம்மணமும் குத்துக்காலும் சிலருக்கு வரும். வருகிறது என்பதற்காகத் தினமும் செய்ய வேண்டாம். ஆழமாக மடக்கி எடை போடும்போது நடுவே இருக்கும் பிளாஸ்டிக்கின் விளிம்பில் அழுத்தம் விழும். மண்டியிடுவது பெரும்பாலோருக்குக் கெடுதல் செய்வதில்லை. ஆனால் தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துப்போய் இருப்பதால் விசித்திரமாக இருக்கும். தடிமனான தலையணை மேல், மருத்துவர் சம்மதித்த பிறகு, பழகலாம். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியே மேசையில்தான்.

ஆனால் தரைக்கு இறங்கி எழுவது எப்படி என்பது தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஒருநாள் வழுக்கி விழுந்தால்? உறுதியான நாற்காலி பக்கம் ஊர்ந்து போய், இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, ஆபரேஷன் முட்டியைக் கீழே வைத்து, நல்ல காலின் பாதத்தை முன்னால் பதித்து, அந்தக் காலால் தள்ளி எழுங்கள். மூன்று மாதம் போனபின் பிசியோ பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

கோயில் ஆசை உள்ளவர்களுக்கு: பழனியில் ரோப் காரும் விஞ்ச்சும் இருக்கின்றன, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். தூரத்தை முதல் வருடம் முடிந்த பின் யோசிக்கலாம்; சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு போவதை எப்போதுமே நான் ஏற்க மாட்டேன்.

எது இயல்பு, எது ஆபத்து

நடக்கும்போது ‘டிக்’ என்று உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் சத்தம், சில மாதம் நீடிக்கும் லேசான சூடு, மாலையில் வீக்கம், தழும்போரத்து மரமரப்பு, இவை இயல்பு.

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108. காயத்திலிருந்து நீர் கசிவது, சிவப்பு பரவுவது, குளிர்காய்ச்சல், விழுந்த பிறகு காலை நேராகத் தூக்க முடியாமல் போவது, நன்றாக இருந்த முட்டி சில வருடம் கழித்து மறுபடி வலிப்பது, இவற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. கிருமி இருக்கும் இடம் தெரியாமல் மறைந்துபோய், பிறகு கண்டுபிடிப்பதே சிரமமாகும்.

வருடக் கணக்கில்

வெவ்வேறு நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வுப்படி, முழு முழங்கால் மூட்டு மாற்றில் 82 சதவீதம் 25 வருடம் கழித்தும் மாற்றத் தேவையில்லாமல் இருக்கிறது. மெலிவது மற்ற முட்டிக்கும் நல்லது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையும். நடை, சைக்கிள், நீச்சல் எல்லாம் தாராளமாக. ஓட்டமும் குதிப்பதும் வேண்டாம். பல் பிடுங்கப் போனால் மூட்டு மாற்றியதைச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டால் பதறாமல் முட்டியைக் காட்டுங்கள்.

உள்ளே வைத்த மூட்டின் நிறுவனம், மாதிரி, அளவு எழுதிய ஸ்டிக்கர்களை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டியிருப்பார்கள், அல்லது தனியாகத் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தப் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், வேறு ஊர் மருத்துவருக்கு அதுதான் துப்பு. மங்கிப்போகும் முன் செல்போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டு, அசலை ரேஷன் கார்டு இருக்கிற பையில் போட்டு வையுங்கள்.